பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரு தொண்டருக்காக: படைவீரர் வைத்தியசாலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும் தொண்டர் பிரிவின் பொறுப்பாளருக்கும்,

வணக்கம். இம்மடலின் ஆங்கில வடிவம் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் கிடக்கிறது. அதற்குப் பதில் வராதபடியால், உங்களிடம் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற உரிமையோடு, என் தாய்மொழியிலும் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். உங்கள் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் குறைவில்லை. அவர்களில் ஒருவர் உங்களுக்கு இதை வாசித்துக் காட்டக்கூடும்.

எல்லோரும் ‘ஓமா’ (ஜேர்மன் மொழியில் பாட்டி) என்று அழைக்கும் அந்த ஜேர்மன் மூதாட்டியின் தொண்டர் அட்டை புதுப்பிக்கப்படாமல் முடக்கப்பட்டிருப்பது நீங்கள் அறிந்ததே. புதிய கணினிப் படிவம் பிறப்புப் பத்திரத்தைக் கேட்கிறது. அதைப் பதிவேற்றாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது. ஓமாவிடம் 1960ஆம் ஆண்டு பெற்ற அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழ் இருக்கிறது, சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, கணவரின் படைச்சேவை ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன. பிறப்புப் பத்திரம் மட்டும் இல்லை.

அது ஏன் இல்லை என்பதை உங்கள் முகப்பு மேசையில் இருந்த இளைஞரிடம் அவர் நின்றபடியே சொல்லியிருக்கிறார். அந்த இளைஞர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால், அதே விடயத்தை இங்கே மறுபடி எழுதவேண்டியிருக்கிறது.

ஓமா 1935இல், அப்போது ஜேர்மனியின் கிழக்கு மாநிலமாயிருந்த கிழக்குப் பிரஷ்யாவில், கோனிக்ஸ்பெர்க் நகருக்குத் தெற்கேயுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1945 சனவரியில் சோவியத் படைகள் அந்த மாநிலத்தை ஜேர்மனியின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்தபோது, தரை வழி அடைபட்ட மக்களுக்கு எஞ்சியிருந்த பாதைகளில் ஒன்று, உறைந்து கிடந்த ஃபிரிஷஸ் ஹாஃப் என்னும் கடற்கழியின் பனிக்கட்டி மீது நடந்து, அப்பாலுள்ள மணல்திட்டை அடைவது. மேலே விமானங்கள் சுட்டன; கீழே பனிக்கட்டி உடைந்து குதிரைகளும் வண்டிகளும் ஆட்களும் நீருக்குள் போனார்கள். ஓமாவின் தாயார் பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி நடத்திச் சென்றபடியால் அவர்கள் தப்பினார்கள். வண்டி தப்பவில்லை. பிறப்புப் பத்திரங்களும் குடும்பப் பதிவேடும் பாட்டியின் தையல் பெட்டியில், அந்த வண்டியில்தான் இருந்தன. பிறகு கப்பல், பிறகு டென்மார்க்கில் முள்வேலிக்குள் இருந்த அகதி முகாம்; அங்கே 1948 வரை இருந்தார்கள். ஹிட்லரின் ஆட்சி தொடுத்த போருக்கு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எவரும் கணக்குக் கேட்கமுடியாது என்பதை நீங்களும் ஏற்றுக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

போரில் ஜேர்மனி இழந்த கிழக்குப் பகுதிகளின் பதிவேடுகளில் தப்பியவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு, பெர்லினிலுள்ள முதலாம் இலக்கப் பதிவு அலுவலகத்துக்கு உரியது. ஓமா அங்கும் எழுதிக் கேட்டார். அவருடைய கிராமத்தின் பிறப்புப் பதிவேடு தங்களிடம் இல்லை என்று முத்திரையிட்டு வந்த பதிலை, மடிப்பில் கிழிந்துவிடக் கூடாதென்று கண்ணாடித்தாள் உறையில் இட்டு, கைப்பையில் கொண்டு திரிகிறார். அந்தக் கடிதத்தைப் பதிவேற்ற உங்கள் படிவத்தில் இடமில்லை. ஒரு பத்திரம் இல்லை என்று ஓர் அரசு அலுவலகமே எழுதித் தந்த பின்னரும், அதே பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்வதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? எனவே கேட்கிறேன்: அவருடைய குடியுரிமைச் சான்றிதழை ஏற்றுக்கொண்டு, தொண்டர் அட்டையைப் புதுப்பித்துக் கொடுங்கள்.

இந்த நாட்டின் அலுவலகங்களுக்குப் படைவீரர்களின் ஜேர்மன் மனைவியர் மேல் எழும் சந்தேகம் புதிதன்று. 1945இல் ஜேர்மன் பெண்ணோடு பழகிய சிப்பாய்க்கு 65 டொலர் தண்டம் விதித்தார்கள். சிப்பாய்கள் ஜேர்மன் பெண்களை மணக்க இருந்த தடையை நீக்க 1946 டிசம்பர் ஆயிற்று. அமெரிக்கப் படையிலிருந்து நற்சான்றோடு விலகியவரை மணந்து 1948இல் நியூயோர்க் வந்து இறங்கிய எலன் நாஃப் என்ற பெண்ணை, காரணமும் சொல்லாமல், விசாரணையும் இல்லாமல், குடிவரவு நிலையமாயிருந்த எல்லிஸ் தீவில் தடுத்து வைத்தார்கள். அது சரியே என்று 1950இல் உச்ச நீதிமன்றமும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர் உள்ளே நுழைவதற்கு 1951 நவம்பர் வரை போராட வேண்டியிருந்தது. ஓமா 1956இல், அமெரிக்கப் படைகள் நிலைகொண்டிருந்த ஜேர்மன் நகரான கைசர்ஸ்லவுட்டேர்னில் ஒரு சார்ஜென்ட்டை மணந்தபோதும் மருத்துவச் சோதனை, பொலிஸ் நற்சான்று, பாதிரியாரின் நேர்காணல், கட்டளை அதிகாரியின் அனுமதி என்று எல்லாம் இருந்தன. அத்தனை சல்லடைகளிலும் சலித்து உள்ளே எடுத்த ஒருவரை, தொண்ணூறு வயதில், நோயாளிக்குக் கோப்பி ஊற்றிக் கொடுப்பதற்காக மறுபடியும் சலிக்கிறீர்கள்.

அவர் செய்த பணியை நீங்கள் அறிவீர்கள், ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் சண்டை நடந்தபோது, ஓமா ஜார்ஜியாவில் பென்னிங் படைமுகாமுக்கு அருகே குடியிருந்தார். அப்போது மரணச் செய்தித் தந்திகளை வாடகைக் கார் சாரதிகள் வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தெருவில் வாடகைக் கார் வேகம் குறைந்தால் பெண்கள் திரைச்சீலையை இழுத்துவிடுவார்களாம். தந்தி வந்த வீடுகளுக்கு அந்தக் காரின் பின்னாலேயே போய், பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்து இரவு தங்கிய மனைவியரில் ஓமாவும் ஒருவர். வாடகைக் காரில் தந்தி அனுப்பும் அந்த முறையை மாற்றப் போராடியவர், அச்சண்டையில் தலைமை தாங்கிய தளபதியின் மனைவி ஜூலியா மூர். அவருடைய பெயரையும், கணவரின் பெயரோடு சேர்த்து, 2023இல் அந்த முகாமுக்குச் சூட்டினார்கள், 2025இல் எடுத்தும்விட்டார்கள். மனைவியருக்குத் தரும் மரியாதைக்கு இவ்வளவுதான் ஆயுள் போலும். ஒரு காலத்தில் படையில், மனைவி தொண்டு செய்கிறாளா என்பதும் கணவரின் பதவி உயர்வில் எடைபோடப்பட்டது. 1980களின் கடைசியில்தான் பாதுகாப்புத் திணைக்களம் அதைத் தடுத்தது. ஓமாவுக்கு அந்த நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. கணவர் இறந்த பிறகும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து, யாருமற்ற வீரர்கள் உயிர் பிரியும் வேளையில் பக்கத்தில் அமர்ந்திருந்தார். இரவுப் பணியில் நானே கண்டிருக்கிறேன்: கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் நோயாளியின் கையைப் பிடிப்பார், விதிப்படி அது தவறு, நான் கண்டும் காணாதவளாக இருந்துவிட்டேன்.

தேசிய மயானத்தில் கணவரின் கல்லுக்குப் பின்புறம் அவருடைய பெயருக்கு இடமிருக்கிறது. முன்புறம் வீரருக்கு, பின்புறம் மனைவிக்கு என்பது அங்குள்ள ஒழுங்கு. அதைச் செதுக்கும்போதும் பிறப்புப் பத்திரம் கேட்பார்களோ தெரியாது. அது உங்கள் பொறுப்பில் இல்லை, மன்னிக்கவும். சொல்ல வந்த விடயத்துக்கே திரும்புகிறேன்.

இலங்கைப் போரில் பத்திரம் தொலைத்து, அரச அலுவலகமான கச்சேரிக்கும் கிராம சேவகரிடமும் அலைந்த எங்கள் மக்களுக்கு இது நன்றாக விளங்கும். உங்களுக்கும் விளங்காத விடயமன்று. பாதுகாப்புக்காக அடையாளம் சரிபார்ப்பது உங்கள் கடமை, அதில் எனக்கு மறுப்பில்லை. பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாகக் குடியுரிமைச் சான்றிதழை ஏற்கும்படி ஒரு மேலதிகாரி கையொப்பமிட்டால் போதும். அதைச் செய்து, ஓமாவின் அட்டையைத் தயவுசெய்து புதுப்பித்துக் கொடுங்கள். அவரைப் போல வேறு எவரேனும் இந்தப் படிவத்தில் சிக்கியிருந்தால் அவர்களுக்கும் அவ்வாறே செய்யுங்கள்.

முடிவை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பவேண்டாம். அவர் அதைப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் அழையுங்கள். காது சற்று மந்தம், ஆகவே உரத்துப் பேசச் சொல்லுங்கள். பழைய அட்டையைத் திருப்பித் தரவேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், நான் அவரை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வைத்தியசாலையில் ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி