விரலால் படிக்கிறவர்களுக்கும் ஒரு கோப்பு கொடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பிரெய்லில் படித்து வளர்ந்தவள். இப்போது என் புத்தகங்கள் எல்லாம் கைபேசியில் இருக்கின்றன. புளூடூத்தில் இணைந்த பிரெய்ல் டிஸ்ப்ளே மடியில் இருக்கும். அதில் இருபது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஊசிமுனை போன்ற புள்ளிகள் எழும்பி அடங்கும். பொத்தானை அழுத்தினால் அடுத்த இரண்டு மூன்று சொற்கள் விரலுக்கடியில் வந்துவிடும்.

கைபேசிதான் வாசித்துக் காட்டுமே, கேட்டால் போதாதா என்கிறார்கள். போதாது. மெட்ரோவில் போகும்போது காது எனக்கு வேறு வேலைக்கு வேண்டும்: வரப்போவது ஹலசூரா டிரினிட்டியா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியம், கேட்கிறவருக்கு எழுத்து தெரிவதில்லை. கணினிக் குரலில் ரகரமும் றகரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரெய்லில் ல என்றால் இடப்பக்கத்து மூன்று புள்ளிகள், ள என்றால் வலப்பக்கத்து மூன்று புள்ளிகள், விரல் ஏமாறாது. பார்வையில்லாத ஒரு பிள்ளை பிழையில்லாமல் தமிழ் எழுத வேண்டுமானால் தொட்டுத்தான் படிக்க வேண்டும்.

அச்சுப் பிரெய்லில் வழக்கமான ஒரு பக்கத்துக்கு வரிக்கு 40 கட்டம், 25 வரி, அவ்வளவுதான் இடம். ஒரு நாவலே பல தடித்த தொகுதிகளாகிவிடும். கைபேசியில் அந்தச் சுமை இல்லை. மென்பொருளும் தயார்: திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஐபோனின் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டின் டாக்பேக் இரண்டுமே பிரெய்ல் டிஸ்ப்ளேயோடு இணைந்து இயங்கும். லிப்லூயி என்ற கட்டற்ற மென்பொருளில் தமிழுக்கான அட்டவணையும் உண்டு. யூனிகோட் தமிழ், அதாவது எந்தக் கருவியும் தமிழெழுத்தாகவே அறிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டில் உள்ள தமிழ், கிடைத்தால் போதும், புள்ளிகளாக்கித் தந்துவிடும்.

அந்த யூனிகோட் தமிழ்தான் கிடைப்பதில்லை. அண்மையில் ஒரு பதிப்பகத்திடம் கேட்டேன். பெருந்தன்மையோடு பிடிஎஃப் அனுப்பினார்கள். திறந்தால், 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விரலில் தட்டுப்பட்டது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் அதுகூட இருக்காது, வெறும் படம்.

நான் கேட்பது இதுதான். புத்தகம் அச்சுக்குப் போகும் நாளிலேயே யூனிகோடில் ஓர் இபப் (மின்னூல்) கோப்பும் எடுத்து வையுங்கள். அத்தியாயத் தலைப்புகளைத் தலைப்பாகவே குறியுங்கள், எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் விடாதீர்கள். குறித்திருந்தால்தான் நாங்கள் வேண்டிய அத்தியாயத்துக்கு நேராகப் போக முடியும். கவிதையில் அடி எங்கே முடிகிறதோ அங்கே வரியை முறியுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் போதும்.

திருட்டுப் பிரதி பரவிவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் தொழில் அவ்வளவு லாபமானதல்ல. ஆனால் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற ஏற்கெனவே இடம் தருகிறது. லாப நோக்கில்லாத அமைப்புகள் அதைச் செய்கின்றன. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் பன்னாட்டு உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு நம்முடையது. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா போன்ற இணைய நூலகம் வழியாகக் கொடுத்தால், அச்சுப் புத்தகம் படிக்க இயலாத உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கோப்பு போகும். நீங்கள் தராவிட்டால் யாரோ ஒரு தன்னார்வலர் உங்கள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பார். அந்த உழைப்பு அத்தனையும் வீண். மூலக் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

எல்லா நூல்களையும் ஒரே நாளில் கேட்கவில்லை. இந்த ஆண்டு வெளியிடும் புதிய புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஓர் அத்தியாயம் அனுப்புங்கள். என் டிஸ்ப்ளேயில் வரி வரியாகப் படித்து, எந்த எழுத்து உடைகிறது, எந்தத் தலைப்பு தப்புகிறது என்று எழுதி அனுப்புகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகி ஒருத்தி
அல்சூர், பெங்களூரு