நிறுவப்பட்டுள்ளது: தட்டச்சுத் திறன்தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கணினித் தமிழ்த் தட்டச்சுத் திறன்தேர்வை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற விசைப்பலகை அமைப்பான தமிழ்99இல் அடித்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று, சென்ற சுற்றுத் தேர்வு முடிந்ததும் வந்த முறையீடுகளை நீங்களே படித்திருக்கிறீர்கள். அத்தனைக்கும் சேர்த்து நீங்கள் அனுப்பிய பதில் ஒரே வரி: "தேர்வுக்கூடக் கணினிகள் அனைத்திலும் தமிழ்99 விசைப்பலகை நிறுவப்பட்டுள்ளது." அந்த வரியில் பொய் ஒன்றுமில்லை. மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழ்99 என்ற பெயர் இருந்தது. தேர்வர்களும் அதைத்தான் கிளிக் செய்தார்கள். பெயருக்குப் பின்னால்தான் ஒன்றும் இல்லை.

தமிழ்99 பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே அடித்துப் பார்க்கும் சொற்களில் ஒன்று 'தம்பி'. நடுவரிசையிலேயே முடிந்துவிடும் சொல் அது. த, ம, ப, இ என்று நான்கு தட்டு. மகரத்தை அடுத்துப் பகரம் வந்ததும் மகரம் தானாகப் புள்ளி பெறும். பகரத்தை அடுத்து இகரம் வந்ததும் இரண்டும் கூடிப் 'பி' ஆகும். உங்கள் கூடத்துக் கணினியில் அதே நான்கு தட்டுக்குத் திரையில் வந்தது 'தமபஇ'.

பத்து நிமிடத் தேர்வில் உட்கார்ந்திருப்பவருக்கு இது என்ன செய்யும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் விரல் தவறிவிட்டது என்று நினைப்பார். அழித்துவிட்டு மறுபடி அடிப்பார். மறுபடியும் 'தமபஇ'. சரி, புள்ளியைக் கையாலேயே வைத்துவிடலாம் என்று எஃப் விசையைத் தட்டினால் 'ம்' கிடைக்கும். 'பி'க்கு என்ன செய்வார்? தமிழ்99இல் இகரக் குறிக்கெனத் தனி விசை கிடையாது, தேவையும் கிடையாது. உயிரெழுத்தைத் தட்டினால் அது கொம்பாகவோ காலாகவோ தானே மாறிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பின் உயிர்நாடி. ஷிப்டின் அடியில் ஏதோ ஒரு மூலையில் அந்தக் குறியை ஒளித்து வைத்திருந்தாலும் தேர்வருக்கு அது எப்படித் தெரியும்? அறைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டால், அமைப்பை மாற்றக் கூடாது என்று சுற்றறிக்கையைக் காட்டுகிறார். அதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது. மீதி ஏழு நிமிடத்தில் அவர் அடிப்பது எந்த மொழி என்று எங்களுக்கும் தெரியவில்லை.

கோளாறு எங்கே என்பதை நேராகவே சொல்லிவிடுகிறோம். தமிழ்99க்கு இரண்டு பாதி. எந்த விசையில் எந்த எழுத்து என்பது ஒரு பாதி. அது படம், யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். முன்னால் தட்டிய எழுத்தைப் பொறுத்து இப்போது தட்டுவது என்ன ஆக வேண்டும் என்ற விதிகள் மறு பாதி. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆவது, ஒரே மெய் இரட்டித்தால் முன்னது புள்ளி பெறுவது, ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய ஆறு இணைகளில் புள்ளி தானாக விழுவது எல்லாம் இதில் அடங்கும். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்று மட்டும் வரையறுக்கும் எளிய விசைப்படக் கோப்புக்கு முன்தட்டு நினைவில் இருக்காது. லினக்சில் எக்ஸ்கேபி என்ற அடிப்படை விசைப்பலகை ஏற்பாட்டின் வழியாகச் சேர்ப்பது இந்த வகை. எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்தால் விதிகளும் கூடவே வரும். விண்டோசில் எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. மேக்கில் தமிழ்99 இயங்குதளத்தோடேயே வருகிறது. ஆக, வழி இல்லாமல் இல்லை. உங்கள் கணினிகளில் படத்தை மட்டும் மாட்டிவிட்டு விதிகளை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தமிழ்99ஐ அதன் விதிகளோடு சேர்த்து நிறுவுங்கள்.

"சிரமமாக இருந்தால் இன்ஸ்கிரிப்டில் அடித்திருக்கலாமே" என்று உங்கள் தரப்பில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். இன்ஸ்கிரிப்ட் மோசமான அமைப்பு என்று சொல்லமாட்டோம். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்தது அது. அதனாலேயே தமிழில் இல்லாத எழுத்துகளுக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, தமிழில் அடிக்கடி வரும் ன, ற, ண, ள, ழ ஐந்தும் ஷிப்டுக்குப் போய்விட்டன. 'என்கிறான்' என்ற சொல்லை இன்ஸ்கிரிப்டில் அடிக்க ஒன்பது தட்டு, அதில் நான்கு ஷிப்டோடு. தமிழ்99இலும் ஒன்பது தட்டுதான், ஆனால் ஷிப்ட் ஒருமுறைகூட வராது. 'நன்றி'க்கு அங்கே இரண்டு ஷிப்டோடு ஐந்து தட்டு. இங்கே ந, ன, ற, இ என்று நான்கு, அவ்வளவுதான். இதெல்லாம் தெரியாதவர்களா நீங்கள்? ஆனாலும் அந்த யோசனையில் உள்ள பெரிய பிழை இது அல்ல. விசைப்பலகை மாற்றுவது பேனா மாற்றுவதைப் போன்றது என்று நினைப்பதுதான் பிழை.

பழகுவது எப்படி என்று ஒருமுறை பாருங்கள். இடது சுட்டுவிரல் எஃப் விசை மேட்டிலும் வலது சுட்டுவிரல் ஜே விசை மேட்டிலும் உட்காரும். எஃப்தான் புள்ளி. இடக்கை நடுவரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. வலக்கையில் க, ப, ம, த, ந, ய. இந்தப் பதினொரு விசைக்குள்ளேயே அம்மி, பந்து, கத்தி, பத்து, இயக்கம், மதியம் என்று முழுச்சொற்களாகப் பழகலாம். பொருளற்ற எழுத்துச்சரங்களை அடிக்கவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிறகு குறிலிலிருந்து அப்படியே ஒரு படி மேலே ஏறினால் நெடில்: அகரத்துக்கு மேல் ஆ, இகரத்துக்கு மேல் ஈ, உகரத்துக்கு மேல் ஊ, எகரத்துக்கு மேல் ஏ. ஒ, ஓ இரண்டும் கீழ்வரிசை. மெய் வலக்கை, உயிர் இடக்கை என்பதால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் கைகள் மாறிமாறி வரும். வேகம் அந்தத் தாளத்தில்தான் பிறக்கிறது. தமிழ் மெய்களில் வகரமும் ஙகரமும்தான் இடக்கைப் பக்கம் ஒதுங்கியிருப்பவை. குறையும் உண்டு. வலது சுண்டுவிரலுக்கு ந, ய, ச, ஞ, ழ, ண என்று ஏகப்பட்ட சுமை. மேற்கோள் குறியும் அரைப்புள்ளியும் எழுத்துகளுக்கு இடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனதால், விசைமேல் அச்சிட்டிருப்பதை நம்பிக் குனிந்து பார்த்தால் ஏமாற்றமே. விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், திரைக்குக் கீழே ஒரு தாளில் படத்தை ஒட்டுங்கள் என்று மாணவர்களிடம் நாங்கள் சொல்வது அதனால்தான்.

பழைய தட்டச்சுப் பொறியில் கை பழகியவர்களுக்கு இன்னும் கடினம். அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும்: 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என மூன்று. புள்ளிக்கோ, தட்டினாலும் தாள் வண்டி நகராத விசை. புள்ளி முதலில், எழுத்து பிறகு. தமிழ்99 ஒலிக்கும் வரிசையில் போகும்: ககரம், பிறகு எகரம். 'கொ'வுக்கு ககரமும் ஒகரமும். ஆண்டுக்கணக்கில் ஊறிய வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு, முதல் சில வாரம் இருந்த வேகத்தையும் இழந்து, நாளுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து பழகியவர்களைத்தான் நீங்கள் 'தமபஇ'யின் முன்னால் உட்காரவைத்தீர்கள்.

இன்னொரு நுணுக்கம். புள்ளி தானாக விழக்கூடாத இடங்களும் தமிழில் உண்டு. 'சமபந்தி விருந்து' என்று அடிக்க வேண்டும். ச, ம, ப என்று நேரே போனால் மகரம் புள்ளி பெற்று 'சம்பந்தி விருந்து' ஆகிவிடும். எல்லோரும் சமமாக உட்காரும் பந்தி, மாப்பிள்ளை வீட்டுப் பந்தியாகிவிடும்! இதற்காகவே ஒரு விதி இருக்கிறது. மகரத்துக்குப் பின் ஓர் அகரம் தட்டினால் இணை முறியும்: ச, ம, அ, ப, ந, த, இ. 'மனனம்' என்பதும் அப்படித்தான். அகரம் தட்டாவிட்டால் 'மன்னம்'. அரைகுறையாக விதிகளைச் சேர்த்த மென்பொருளில் இந்த அகரம் முறிக்காமல் அப்படியே நடுவில் உட்கார்ந்து 'மனஅனம்' என்று வரும். பேக்ஸ்பேஸ் விஷயமும் இதே கதை. 'ம்ப'வில் ஒருமுறை அழித்தால் சில மென்பொருள்களில் பகரம் மட்டும் போய்ப் புள்ளி நின்றுவிடும், சிலவற்றில் புள்ளியும் சேர்ந்து போகும். இரண்டில் எதுவானாலும் பழகிக்கொள்ளலாம். எது என்று தேர்வுக்கு முன்னால் ஒரு வரி அறிவிப்பு வந்தால் போதும்.

மதிப்பெண் போடும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் உலகத் தரமான யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தரலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் தரலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. யூனிகோட் தரத்தின்படி இரண்டும் சமம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிட்டால், சரியாக அடித்த 'கொடு'வும் 'தோழர்'உம் பிழைக் கணக்கில் ஏறும். 'ஸ்ரீ'க்கும் கவனம் தேவை. கிரந்த எழுத்தான ஶகரம் 2005இல் யூனிகோடில் சேர்ந்தபின் அதையும் இரண்டு விதமாக எழுத முடிகிறது. இவை தரத்தின்படி சமம்கூட அல்ல, ஆகவே தனியே விதி எழுத வேண்டும். வேகத்தைத் தட்டுகளின் எண்ணிக்கையால் அளந்தால் இன்னும் வேடிக்கை. 'தம்பி' யூனிகோடில் ஐந்து குறியீடு, தமிழ்99இல் நான்கு தட்டு. குறைவான தட்டில் அதே சொல்லை எழுதியவர் மெதுவானவர் ஆகிவிடுவார். மிதிவண்டியில் வந்தவரைவிட நடந்து வந்தவர் அதிக அடி வைத்தார், ஆகவே அவருக்கே முதல் பரிசு என்பது போலத்தான்.

சென்னையில் தமிழிணையம்99 மாநாடு நடந்து, இந்த விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 1999இல். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் அலுவலகத்துக்கு வாங்கும் விசைப்பலகையில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்க வேண்டும் என்று கொள்முதல் குறிப்பில் ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டடத்தின் தலையில் 'தமிழ் வாழ்க' என்று விளக்கு எரிகிறது. உள்ளே பெயரைத் தமிழில் அடித்தால் படிவம் ஏற்க மறுக்கிறது. வாழட்டும், வாழட்டும், மின்கட்டணம் கட்டும்வரை வாழட்டும். மன்னியுங்கள், இதையெல்லாம் தேர்வுக் குழுவிடம் சொல்லி என்ன பயன். கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

தமிழ்99ஐ அதன் விதிகளோடு நிறுவுங்கள். நிறுவியபின், தேர்வர் உட்காரப்போகும் ஒவ்வொரு கணினியிலும், தேர்வு நடக்கும் அதே மென்பொருள் பெட்டிக்குள், தட்டச்சு தெரிந்த ஒருவரை உட்காரவைத்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியின் குறிப்பேட்டில் (நோட்பேட்) சரியாக வருவது உலாவிக்குள் ஓடும் பெட்டியில் உடைந்துபோவது உண்டு. ஆகவே வேறெங்கும் சோதித்தால் கணக்கில் வராது. தம்பி, பந்து, நன்றி, கொடு, மனனம், சமபந்தி: ஆறு சொற்கள் போதும். ஒரு சொல்லின் நடுவில் சுட்டியால் வேறிடம் கிளிக் செய்துவிட்டுத் திரும்பிவந்து ஓர் உயிரெழுத்தையும் தட்டிப் பாருங்கள். பழைய மெய்யை நினைவில் வைத்துக்கொண்டு தவறான இடத்தில் ஒட்டும் மென்பொருளும் உண்டு. கணினிக்கு இரண்டு நிமிடம் ஆகும். தேர்வு தொடங்குமுன் தேர்வர்களுக்கும், மதிப்பெண்ணில் சேராத ஐந்து நிமிடப் பயிற்சி நேரம் கொடுங்கள். சென்ற சுற்றில் தமிழ்99 தேர்ந்தெடுத்தவர்களுக்கு மறுவாய்ப்பு தருவது பற்றியும் தயவுசெய்து பரிசீலியுங்கள். தவறு அவர்கள் விரலில் இல்லை.

ஆறு சொற்களோடு ஏழாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பதில் வரியின் கடைசிச் சொல்லை, சென்ற முறை வைத்திருந்த அதே கணினியில் அடித்துப் பாருங்கள். 'நஇறஉவபபடடஉளளதஉ' என்று வரும்.

இப்படிக்கு,
தமிழ்99 கற்பிப்போரும் பழகுவோரும்