ஜாவாவுக்குக் கிழக்கே?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய படங்களின் டைட்டிலிலும் போஸ்டரிலும் பிழை கண்டுபிடித்துச் சிரிப்பது எளிது. 'கிரகடோவா, ஈஸ்ட் ஆஃப் ஜாவா' படத்துக்குப் பெயரே தப்பு. அந்த எரிமலை இருப்பது ஜாவாவுக்கு மேற்கே. சரி, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. 1968-இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' கதை வேறு. படத்தின் பெயரை மாற்றிப் புது டைட்டில் கார்டு போட்டபோது, பழைய கார்டில் இருந்த காப்புரிமை வரி விடுபட்டுவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லாததால் படம் பொதுச்சொத்தானது. அப்புறம் என்ன, பிரிண்ட் போட்டு யார் யாரோ சம்பாதித்தார்கள்!

பழைய படங்களை டிஜிட்டலில் புதுப்பிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கீறல்களைத் துடையுங்கள், டைட்டிலில் உள்ள தப்பை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.

– ஒரு வாசகர்