ஆறாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு, குடியாத்தத்திலிருந்து ஒரு மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஆறாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் பதினோரு வருடமாக மாலையில் டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளின் வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள், இல்லையென்றால் தறி ஓட்டுகிறார்கள். போன மாதம் ஒரு பெண்ணின் அம்மா, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். "உனக்கே படிப்பு ஏறல, உம் பொண்ணுக்கு எப்படி ஏறும்னு கேட்டுட்டாங்க சார். நெசந்தானே?" என்றார். கோபம்கூட இல்லை, ஒத்துக்கொண்ட குரல். அந்தக் குரலால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முறத்தை மடியில் வைத்து அம்மா சுற்ற, மகள் தகட்டை வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். (பிள்ளையை அந்த வேலையில் உட்கார வைத்ததற்கு அன்றே அம்மாவோடு சண்டை போட்டேன்.) "640 ஆச்சு. ஆயிரத்துக்கு இன்னும் எத்தனை கட்டு?" என்று கேட்டேன். கட்டுக்கு 25 பீடி. கத்தரிக்கோல் நிற்கவில்லை, தலை நிமிரவில்லை. "பதினாலு கட்டு, மேல பத்து பீடி சார்." மறுநாள் பலகையில் 360-ஐ 25-ஆல் வகுக்கச் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள். "எனக்கு வகுத்தல் வராது சார். எங்கம்மாவுக்கும் வராது."

அந்த இரண்டாவது வாக்கியம் அவள் பிறக்கும்போது கொண்டு வந்ததில்லை. யாரோ சொல்லிக் கொடுத்தது.

அறிவுத்திறனில் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் பங்கு உண்டு என்றே காட்டுகின்றன. சின்ன வயதில் அது குறைவு, வளர வளரக் கூடுகிறது. ஆனால் அது ஊரில் பலருக்கிடையே உள்ள வித்தியாசத்துக்கான கணக்கு. ஒரு பிள்ளையின் மூளையில் இத்தனை பங்கு அம்மா கொடுத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2018-இல் 11 லட்சம் பேரின் மரபணுக்களை அலசியபோது, படித்த வருடங்களோடு தொடர்புள்ள 1,271 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளியிலும் துளி. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அவை கலைந்து கலந்து வருவதால்தான் கூடப் பிறந்தவர்களே ஒரே மாதிரி இருப்பதில்லை.

பிரான்சில் ஒரு ஆய்வு, 1999-இல் வெளிவந்தது. சீரழிந்த வீடுகளிலிருந்து மீட்கப்பட்டு, நாலிலிருந்து ஆறு வயதுக்குள் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள். தத்துக் கொடுக்கும் முன் எடுத்த அறிவுத்திறன் சோதனையில் எல்லாருமே 86-க்குக் கீழ் (சராசரி 100). பதின்ம வயதில் மறுபடி சோதித்தபோது, எளிய வீட்டில் வளர்ந்தவர்கள் சராசரியாக 8 புள்ளியும் வசதியான வீட்டில் வளர்ந்தவர்கள் ஏறத்தாழ 19 புள்ளியும் ஏறியிருந்தார்கள். பெற்றவர்கள் மாறவில்லை, வளர்ந்த வீடுதான் மாறியது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வேலூரிலேயே சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் குடிசைப் பகுதிகளில் பிறந்த 251 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். சின்னதில் இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளும் வளர்த்தி குன்றிய பிள்ளைகளும் பின்னாளில் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். நம் பக்கத்து இலவம்பாடியின் பேர்போன முள்ளுக்கத்திரி விதையை வேறு மண்ணில் போட்டுவிட்டு, ருசி இல்லையென்று விதையைத் திட்டுவோமா?

அதனால் கேட்கிறேன். ஒரு பிள்ளை பின்தங்கினால், "அப்பா என்ன வேலை?" என்பதற்கு முன்னால் "காலையில் என்ன சாப்பிட்டே? ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் உண்மையிலேயே விழுங்குகிறாளா என்று பாருங்கள். நிறையப் பேர் பாவாடைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்று சோதியுங்கள்.

அப்புறம் ஒன்று. அடுத்த கூட்டத்துக்கும் அந்த அம்மா வருவார், அரை நாள் கூலியை விட்டுவிட்டு. பதினாலு கட்டும் பத்து பீடியும் என்று அவர் மகள் சொன்ன கணக்கை, தயவுசெய்து உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள்.