சேகருக்கு, யாழினி விஷயமாக

மரக்காணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் மெயிலை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை, உன் மகள் யாழினிக்கு 18 முடிந்துவிட்டதா என்ற மலைப்பிலேயே போய்விட்டது. நேற்றுதான் உன் தோளில் உட்கார்ந்துகொண்டு பாண்டி பீச்சில் சுண்டல் கேட்டு அழுத மாதிரி இருக்கிறது. அடுத்த இரண்டு தடவையும் உன் புலம்பலுக்காக. "படிப்பு முடிஞ்சதும் யுனிவர்சிட்டிக்குப் போகாம ஒரு வருஷம் தான்சானியாவுக்குப் போறேங்கிறா. சம்பளமும் கிடையாதாம். நீதான் இத்தனை வருஷம் அந்தப் பிள்ளைகளோட மாரடிச்சவன், சொல்லு." மாரடித்தது உண்மைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

அவள் போகிற வெல்ட்வேர்ட்ஸ், அதாவது இளம் பிள்ளைகளைத் தொண்டு வேலைக்கு வெளிநாடு அனுப்புகிற திட்டம், உங்கள் ஜெர்மன் அரசாங்கம் 2008இல் தொடங்கியது. மறுவருஷமே எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு முதல் ஆள் வந்துவிட்டாள். அதிலிருந்து 2020 வரை வருஷத்துக்கு இரண்டு பேர். டிக்கெட், இன்சூரன்ஸ், தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். முக்கால்வாசி வரை அரசாங்கப் பணம், மீதியை அனுப்புகிற சங்கம் நன்கொடையாகத் திரட்டும். ஆக, உன் பர்சுக்கு ஆபத்தில்லை. அந்தக் கவலையை முதலில் இறக்கி வை.

முதலில் வந்தவள் பெயர் அன்னா. ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. மாலை வகுப்புக் குழந்தைகள் அவளை "அன்னா, அன்னா" என்று கூப்பிட, பக்கத்துத் தெரு ஆயா ஒருத்தி வந்து சண்டை போட்டாள்: "பொம்பளப் புள்ளைய ஏண்டா அண்ணாங்கிறீங்க?" பிறகு "அன்னாக்கா" ஆனாள். வேடிக்கை அதோடு முடியவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு வந்தவளையும் சின்னப் பிள்ளைகள் அன்னாக்கா என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது வருஷம் வந்தவன் தாடி வைத்த பையன். அவனையும்! நாங்கள் சிரித்தோம். கொஞ்சநாள் கழித்துத்தான் உறைத்தது. வருஷா வருஷம் ஒரு முகம் வருகிறது, பழகுகிறது, ஆகஸ்டில் போய்விடுகிறது. புதிதாக ஒரு பெயரைக் கற்றுக்கொள்வானேன் என்று அந்தப் பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள்.

வேலை என்று பார்த்தால், முதல் மூன்று மாதம் அவர்கள் நமக்குச் செய்வதைவிட நாம் அவர்களுக்குச் செய்வதுதான் அதிகம். வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு, அதற்கு விழுப்புரத்துக்கு நடை, சிம் கார்டுக்கு அலைச்சல், முதல் வயிற்றுப்போக்கு, முதல் அழுகை. என் மனைவி வைத்த ரசம் எத்தனை ஜெர்மன் வயிறுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கலாம்.

பிறகு அவர்களுக்கு ஒரு தவிப்பு வரும். ஏதாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்துவிட வேண்டும். ஒரு வருஷம் இரண்டு பையன்கள் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு யானை, மயில், உலக வரைபடம் எல்லாம் வரைந்து பெயின்ட் அடித்தார்கள். போட்டோவில் பிரமாதமாக இருந்தது. இரண்டாவது மழையில் மயில் உரிந்தது, ஆப்பிரிக்கா பாதி விழுந்தது. கூப்பிட்டுக் காட்டினதுக்கு நம்ம ஊர் பெயின்டர் சொன்னார்: "சார், பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம மேல அடிச்சா அப்பளமாட்டம்தான் உரியும்." அவரைவிட்டே திரும்ப அடித்தோம். உரிந்ததைச் சுரண்டுகிற கூலியும் சேர்ந்து முதலிலேயே அவரிடம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கிற செலவைவிடக் கூடப் போயிற்று. அந்தப் பையன்கள் வாளியும் பிரஷ்ஷுமாய் நின்ற நாளில் இவர் வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவே இல்லை. என் தப்புதான்.

எல்லாருமே அப்படியில்லை. 2011 டிசம்பர் 30, தானே புயல் ஞாபகம் இருக்கிறதா? புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியதே. அந்த வருஷம் எங்களிடம் இருந்தவன் யுனிவர்சிட்டி கனவுள்ள பிள்ளை இல்லை, தச்சு வேலை கற்று முடித்தவன். அதிகம் பேசமாட்டான். தெருவில் விழுந்து கிடந்த வேப்பமரத்தை எங்கள் ஆட்கள் கண்ட இடத்தில் வெட்டப் போக, கையைக் காட்டி நிறுத்தினான். வளைந்து கிடக்கிற மரம் எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது, எந்தப் பக்கம் அறுத்தால் எகிறி ஆளை அடிக்கும் என்று தரையில் குச்சியால் படம் போட்டுக் காட்டினான். ஒரு வாரம் அவன் பின்னாலேயே ஊர் இளவட்டங்கள் போனார்கள். பொங்கலுக்கு அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். அவன் கையில் ஒரு தொழில் இருந்தது, அதுதான் வித்தியாசம். யாழினி கையில் இப்போது ஒன்றும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, 18 வயதில் உன்னிடமும் என்னிடமும் என்ன இருந்தது? அவள் தான்சானியாவைத் தூக்கி நிறுத்தப் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் நம்பினால் போதும்.

இந்தக் கதையின் அடுத்த பக்கம் உனக்குத் தெரியாது. 2013லிருந்து இதே திட்டத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் ஜெர்மனிக்கு வரலாம் என்று ஆக்கினார்கள். 2016இல் எங்கள் செல்வி போனாள். உப்பளத்தில் வாருகிற குடும்பம், பி.ஏ. முடித்திருந்தாள். அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு! "வெளிநாடு போயி சம்பளமில்லாம வேலையா? அதுக்கு இங்கேயே சும்மா இருக்கலாமே" என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு? வெளிநாடு என்றால் நம் ஊரில் சிங்கப்பூர், துபாய், மாடிவீடு. தன்னைத் தேடிக்கொண்டு விமானம் ஏறுவது வயிறு நிறைந்தவர்கள் கண்டுபிடித்த வழக்கம்.

ஃப்ரைபர்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ராத்திரி ரொட்டியும் சீஸும் மட்டும்தான் என்று தெரிந்ததும் புளிக்காய்ச்சல் பாட்டிலைப் பூட்டி வைத்துக்கொண்டாளாம். முதல் மாதம் பெரியவர் ஒருவரைக் குளிப்பாட்டச் சொன்னபோது பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள். எனக்கு ஒரு தடவை எழுதினாள்: "இங்க தாத்தா பாட்டிங்களுக்கு எல்லா வசதியும் இருக்கு சார். ஆனா எல்லாரும் கதவைத் தட்டிட்டுத்தான் வர்றாங்க." அதைப் படித்துவிட்டு நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். எங்கள் அம்மா திண்ணையில், அவளைச் சுற்றிக் கேட்பாரில்லாமல் வந்து உட்கார்ந்த நாலு பேர், வெற்றிலைப் பெட்டி. உடனே நம் ஊர்தான் உசத்தி என்று துள்ளாதே. அந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு வீட்டில் சோறு கிடையாது.

ஒரு வருஷம் முடிந்து செல்வி திரும்பினாள். வீட்டுக்குப் பார்க்க வந்த சொந்தக்காரி அவள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கழுத்துல ஒண்ணும் ஏறலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்னா ஊர் திரும்பியபோது அவளுக்குக் கிடைத்தது பாராட்டு, பயோடேட்டாவில் ஒரு நல்ல வரி. இவளுக்குக் கிடைத்தது இது. இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா வாலண்டியர்களையும் ஜெர்மனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. எங்களிடம் இருந்த இரண்டு பெண்களும் இரண்டே நாளில் கிளம்பினார்கள். கொடியில் காயப்போட்ட துணியைக்கூட எடுக்கவில்லை. மாலை வகுப்பை யார் நடத்துவது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். அடுத்த வருஷம் அக்டோபரில் முதல்வர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தாரே, அது எங்கே என்று நினைக்கிறாய்? இதே மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். மாதம் 1000 ரூபாய்க்கு நம்ம தெருப் பெண்களே சாயங்காலம் பாய் விரித்துப் பாடம் நடத்தினார்கள். செல்வியும் அதில் ஒருத்தி. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் யார், எவன் ஏன் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்பதெல்லாம் இவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். உண்மையைச் சொன்னால் பாடம் இப்போதுதான் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியில் யாழினிக்கு வேறு ஒரு யோசனையும் இருப்பதாக எழுதியிருந்தாயே, நேபாளத்தில் மூன்று வாரம், அநாதை இல்லம், காசு கட்டிப் போவது. அது வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதம். உலகமெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் ஐந்துக்கு நாலு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் தி சில்ட்ரன் என்கிற குழந்தைகள் நல அமைப்பு 2009லேயே சொன்னது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கொஞ்ச வருகிறார்கள் என்பதற்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்புகிற இடங்கள் உண்டு. மூன்று வாரத்தில் அவளுக்கு நல்ல போட்டோ கிடைக்கும், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அன்னாக்கா.

தான்சானியாவுக்கு அனுப்பு. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. அங்கே அவளை யாரும் ஜெர்மன்காரி என்று நினைக்கப்போவதில்லை. இந்திய முகம் என்றால் அங்கே ம்ஹிந்தி, தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிற குஜராத்தி வீட்டுப் பெண் என்றுதான் பேரம் பேசுவார்கள். கையில் இருப்பதோ ஜெர்மன் பாஸ்போர்ட், முதல் உலகப்போர் வரைக்கும் அந்த மண்ணை ஆண்ட நாட்டுடையது. இரண்டையும் சுமந்துகொண்டு, வீட்டில் நீ பேசுகிற தமிழையும் வைத்துக்கொண்டு அவள் அங்கே என்ன ஆகிறாள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

செல்வி இப்போது பாண்டியில் நர்சிங் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறாள், பி-2 மொழித் தேர்வு பாஸ் பண்ணினால்தான் அங்கே வேலை என்று கூட்டம் முட்டுகிறது. யாழினி கிளம்புவதற்கு முன்னால் அவளோடு ஒரு தடவை பேசட்டும். ஜெர்மனிலேயே பேசிக்கொள்வார்கள், நம் இரண்டு பேர் உபதேசமும் நடுவில் வேண்டாம். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூப்பிட வேண்டாம் என்று சொல், அன்றைக்கு அவளுக்கு இரண்டு பேட்ச் வகுப்பு.

உன்,
கோவிந்து