உளறலும் குழறலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் வந்த ஒருவரைப் பற்றிய தங்கள் செய்தியில் 'அவர் உளறத் தொடங்கினார்' என்று இருந்தது. பேச்சு தெளிவில்லாமல் போனதைச் சொல்ல வந்த இடம் அது. அங்கே வர வேண்டிய சொல் 'குழறுதல்'.

உளறுபவரின் வார்த்தை காதில் தெளிவாக விழும். பேச்சில்தான் பொருள் இருக்காது. காய்ச்சலில் பிதற்றுவதும் தூக்கத்தில் பேசுவதும் அப்படித்தான். குழறுபவருக்கோ சொல்ல வந்தது மனதில் சரியாக இருக்கிறது, நாக்குப் புரளவில்லை. சிலர் 'வாய் குளறுது' என்பார்கள், அதுவும் இதுதான். முணுமுணுப்பது வேறு, முனகுவது வேறு. குழந்தையின் தெளியாத பேச்சுக்கு மழலை என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். 66ஆம் குறள் குழலையும் யாழையும்விட அதை இனிது என்கிறது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் என் அப்பா. ஒரு நாள் மாலை ஆறரை மணிக்குத் தூங்கி எழுந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கேட்டார். 'கண்ணாடி' என்பது 'கன்னாயி' என்று வந்தது. மறுபடி கேட்டார், மறுபடியும் அப்படியே. "தூக்கத்துல உளறாதீங்கப்பா, கொஞ்ச நேரம் படுங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்கு அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கேயும் நான் 'உளறினார்' என்றே சொன்னேன். மருத்துவர் நிறுத்தி, "கேட்டது சரியான பொருளைத்தானா? உச்சரிப்பு மட்டும் மாறியதா? கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தூங்கப் போகும்முன், ஐந்தரைக்கு என்னிடம் நன்றாகத்தான் பேசினார். மூளை ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். அதில் ஒன்றரை மணி நேரத்தை நான் அடுப்படியில் கழித்திருந்தேன்.

சரி, திடீரென்று உளறினாலும் ஆபத்துதான். பக்கவாதத்தில் சிலருக்குப் பேச்சே பொருளில்லாமல் போவதுண்டு. ஆனால் 'உளறுகிறார்' என்றால் வீட்டில் யாரும் பதறுவதில்லை, தூக்கம் என்றோ வயது என்றோ விட்டுவிடுகிறோம். 'நாக்குக் குழறுகிறது' என்று எழுதினால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று படிப்பவருக்கு உடனே உறைக்கும். அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது அந்தச் சொல்லையே போடுங்கள், ஐயா.

அப்பா இப்போது தேறி வருகிறார். ழகரம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 'வாழைப்பழம்' என்று தினமும் காலையில் பத்து முறை சொல்லிப் பழகுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி