உன் அம்மாவின் மல்லிச் செடி

கோமு,

சித்திரையில் போனில் பேசியதோடு சரி. நாலு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் உன் அம்மா பதியன் போட்டுக் கொடுத்த மல்லிதான். அது பிழைக்குமா என்று தெரியாமல் உன்னிடம் என்ன சொல்வது? மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மிருதங்கம் டீச்சர் இன்னும் அதே குரலில்தான் கூப்பிடுகிறார்.

வைகாசியில் கொழுந்து இலைகளில் வெள்ளை வெல்வெட்டை ஒட்டிவைத்தது போல ஏதோ படர்ந்தது. அப்புறம் தண்டு, மொட்டுக்காம்பு என்று ஏறியது. மொட்டுகள் விரியாமலே சுருண்டன. மருந்துக் கடையில் சாம்பல் நோய் என்று ஒரு பூஞ்சை மருந்து கொடுத்தார்கள். மூன்று தடவை அடித்தும் குறையவில்லை. சாம்பல் என்றால் விரலில் ஒட்டுமே, இது நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

அண்ணன் மகள் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறாள் இல்லையா, ஒரு கொழுந்தை எடுத்துக்கொண்டு என்னையும் யானைமலை அடிவாரத்தில் இருக்கும் அவள் கல்லூரிக்கு அழைத்துப் போனாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன் கோமு. முடிக்காடு! அதற்குள்ளே வெளுத்த கேரட் துண்டுகள் மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. எரியோபிட் சிலந்திப்பேனாம். நீளம் 0.2 மில்லிமீட்டர், 5 பேரை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர். சிலந்திக் கூட்டத்துக்கு 8 கால் என்றால் இதற்கு 4தான், அதுவும் தலைப்பக்கம். இறக்கை கிடையாது, காற்றுதான் செடிக்குச் செடி கொண்டுபோகிறது.

என்னை உலுக்கியது வேறு. அந்த வெள்ளை முடி பேனுடையது இல்லை. செடியே முளைக்க வைத்தது. பேன் உறிஞ்சும்போது அதன் எச்சில் உள்ளே போகிறது. இலையின் மேல்தோல் செல்கள் தாறுமாறாக முடியாக நீள்கின்றன. வெயிலுக்கும் எதிரிக்கும் ஒளிய, தின்ன, முட்டையிட, எல்லாவற்றுக்கும் அந்தக் காடுதான். ஐரோப்பாவில் அந்தக் காலத் தாவரவியல்காரர்களே இதைப் பூஞ்சை என்று நினைத்துப் பேர் வைத்தார்களாம். கடைக்காரர் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

ஸ்கூல் பின்னால் நின்ற புங்கமரம் ஞாபகம் இருக்கிறதா? இலையெல்லாம் குட்டிக் குட்டி விரலாகப் புடைத்திருக்கும், அம்மை போட்ட மரம் என்று நீ தொடவே மாட்டாய். அந்த விரலுக்குள் இருப்பதும் இதே வம்சம்தான். அந்த மரம் நம் காலம் முழுக்கத் தழைத்துத்தான் நின்றது. மல்லி அப்படித் தாங்காது, பேன் பூவையே தின்றுவிடுகிறது.

வெல்வெட் பிடித்த கிளைகளையெல்லாம் வெட்டி எரித்தேன். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, கொழுந்து நனைய அடித்தேன். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். போன வாரம் வந்த துளிர்கள் வழவழவென்று இருக்கின்றன. தினமும் காலையில் தடவிப் பார்க்கிறேன்.

உன் வீட்டில் இருக்கும் செடியும் அம்மா கொடுத்ததுதானே. இன்றைக்கே கொழுந்துகளைத் திருப்பிப் பார்த்து எனக்குச் சொல்.

கார்த்திகையில் முழங்கால் உயரம் விட்டுக் கவாத்து செய்யவேண்டும். உன் அம்மா கை வைத்த செடியை அவ்வளவு வெட்ட எனக்குத் தனியாக மனசு வரவில்லை. நீ வா.

சாரு